அக்காவின் படத்தில் என் மச்சம்

என் இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறது. அக்காவிடம் இல்லாமல் என்னிடம் மட்டும் இருந்தது அது ஒன்றுதான். நிறம், கூந்தல், அடக்கம், தமிழ் இலக்கியத்தில் நல்ல புள்ளி என்று மற்றதெல்லாம் அவளுக்கே போய்ச் சேர்ந்திருந்தது. பத்து வயதில் அவளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

போதாக்குறைக்கு அவளுக்குக் கல்யாணமும் நிச்சயமாகியிருந்தது. கலேவெலயில் மரக்கறிக் கடை வைத்திருந்த அத்தை மகனுக்கு அவளைக் கொடுப்பதாக அப்பா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தாராம். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழகம் போகும் ஆசையில் கெம்பஸ், கெம்பஸ் என்று பேசிக்கொண்டிருந்தவள் அந்தப் பேச்சையே விட்டிருந்தாள். நான் அதைக் கவனித்தேன் என்று சொன்னால் பொய். அலுமாரியில் அவளுக்கென்று அடுக்கியிருந்த எட்டுச் சேலைகளைத்தான் கவனித்தேன்.

மாத்தளை டவுனில் கடைகளுக்கு போர்ட் எழுதும் சின்ன மாமா, வாசிகசாலையில் நடந்த ஓவியப் போட்டிக்குப் படம் வரையக் கிளம்பியது அப்போதுதான். பழைய கதைகளில் வரும் பெண்கள் என்பது தலைப்பு. கடைப் பெயர்களைத் தவிர வேறெதையும் வாசிக்காத மாமாவுக்கு அக்காதான் கதை சொன்னாள். தகப்பனின் வாக்குக்காகப் பகை நாட்டுக்கு மணப்பெண்ணாகப் போன ஓர் அரசன் மகள். போன இடத்தில் ஒரு மழைக்காலம்கூட அவள் உயிரோடு இருக்கவில்லை. புறப்படுமுன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாளே, அதைத்தான் வரைய வேண்டும் என்றும் அக்காவே சொன்னாள்.

"அப்ப நீயே உக்காரு பாப்பா. மொகத்துக்கு நான் எங்க போறது?" என்றார் மாமா.

ஆறு நாள் அவள் அரசன் மகளாக உட்கார்ந்திருந்தாள். எட்டுச் சேலைகளில் நல்லதாக ஒன்றை அம்மா எடுத்துக் கொடுத்தாள். எங்கள் சாமி விளக்கு படத்துக்குள் போனது. பல்லக்குக்கு மாதிரி கிடைக்காததால் மாமா பக்கத்து வீட்டு த்ரீவீலைப் பார்த்து ஒன்று வரைந்தார். மாமா சொல்லாமலே அக்காவுக்குக் கண் கலங்கும். "அப்பிடியே இரு, அப்பிடியே இரு" என்று மாமா துள்ளுவார். என்ன நடிப்பு நடிக்கிறாள் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் கண்களைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு மாமாவுக்கு எதிரே போய் நின்றேன்.

"தூசி விழுந்திருச்சா? போயி மொகத்தக் கழுவு."

அன்று மத்தியானம் மாமா சாப்பிடப் போயிருந்த நேரத்தில், சிறிய தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, அரசன் மகளின் இடது கண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்தேன். ஒரே புள்ளிதான். அக்கா படத்திலிருந்து போய்விட்டாள், அங்கே நான் உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

முதலில் பார்த்தது அக்காதான். படத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அடி விழும் என்று தயாராக நின்றேன். அவள் பழந்துணியை மண்ணெண்ணெயில் நனைத்து வந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"என் மச்சத்த ஏங்க்கா அழிக்கிற?"

"இவ எடம் ஒனக்கு வேணாம் பாப்பா. நீ போயி வெளாடு."

கறுப்பு ஒரு பொட்டுகூட மிஞ்சாதபடி துடைத்தாள். கன்னத்தில் வெளிறிய ஒரு கறை மட்டும் நின்றுவிட்டது.

படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. நடுவராக வந்த ஆசிரியர் மேடையில் விளக்கினார். விளக்கின் சுடர் வீட்டுப் பக்கம் சாய்ந்திருப்பது போக மனமில்லாத மனமாம். பல்லக்கு அத்தனை ஒடுக்கமாக இருப்பது ஒடுங்கப்போகும் அவள் வாழ்க்கையாம். கன்னத்தில் உள்ள கறை, யாரும் பார்க்குமுன் அவளே துடைத்துக்கொண்ட கண்ணீராம். இவ்வளவையும் யோசித்துச் செய்தீர்களா என்று அவர் கேட்டபோது, மாமா கொஞ்சமும் கூசாமல், "ஆமாங்க சேர், அதுக்குத்தான் அப்பிடி வச்சேன்" என்றார். கூட்டம் கைதட்டியது. என் மச்சத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, அத்தையின் இளைய மகனைப் பற்றி அப்பா மெதுவாகப் பேச்செடுத்தார். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அக்கா கலேவெலயிலிருந்து வந்து இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "அந்த எடம் அவளுக்கு வேணாம்பா. அவ படிக்கட்டும்" என்றாள். அப்பாவிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த வருடம் நான் கெம்பஸ் போனேன்.

ஆனால் பத்து வயதில் எனக்கு விளங்கியது வேறு. படத்தில்கூட எனக்கு இடம் கொடுக்க மனமில்லாதவள், என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்றே நினைத்தேன். அதற்குத் தண்டனையாக ஒரு வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. அவள் எங்கள் வீட்டில் இருந்த கடைசி வாரம் அது. கல்யாண வேன் கிளம்பும்போது அவள் என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். மாமாவின் பெயின்ட் வாளிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து, நன்றாகக் கூப்பிடட்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.