பென்ஷனுக்கு என்ன அவசரம்?

தேனிக்கு வெளியே ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் பார்க்கிறேன். பி.எஃப்., பென்ஷன் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஒருநாள் ஷிப்ட் முடிந்ததும் வைண்டிங் செக்‌ஷன் ராக்கம்மா வந்து நின்றார். தேவதானப்பட்டிக்காரர், ஐம்பத்து நாலு வயது, லேசில் லீவு போடாதவர்.

"சார், வேலையை விட்டுர்றேன். பென்ஷனுக்கு எழுதிருங்க."

தூக்கிவாரிப்போட்டது. "அம்பத்தெட்டுக்கு முன்னாடி வாங்குனா கொறச்சுத்தான் தருவாக, தெரியும்ல?"

"தெரியும் சார். இப்பக் கொறச்சு, அம்பத்தெட்டுல முழுசு. அப்படித்தான எல்லாரும் சொல்றாக?"

எல்லோரும் அப்படிச் சொல்லித்திரிவதுதான் வினை. குறைத்து வாங்கினால் ஆயுசுக்கும் குறைச்சல்தான், பிறகு ஏறாது. இதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. ஆனாலும் "பரவால்ல, எழுதுங்க" என்றார்.

எனக்கு மண்டை குடைந்தது. கடன் இல்லை, நோய்நொடி இல்லை. வீட்டுக்காரர் மாந்தோப்புக் காவலில் இருக்கிறார். சூப்பர்வைசரோடு சண்டையா என்றால் அதுவும் இல்லை. பிறகு ஏன் இந்த அவசரம்? விடாமல் கேட்டேன்.

"எங்களுக்குப் பிள்ள கெடையாது சார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம்னு ஊருக்கெல்லாம் போய் மொய், செய்முறை செஞ்சாச்சு. எங்க வாசல்ல ஒரு பந்தல் போட்டதில்ல. இனி போடணும்னா ரிட்டயர்மென்ட் ஒண்ணுதான் இருக்கு."

"அத அம்பத்தெட்டுல வைங்களேம்மா."

"எங்கூடச் சேந்தவுக எல்லாம் வர்ற வருசத்தோட போயிருவாக. அப்புறம் இங்கன பூரா வடக்கத்திப் பிள்ளைகதான். அன்னைக்கு விசேஷம் வச்சா இந்தியிலதான் பத்திரிகை அடிக்கணும்!"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வேலையை விட்டால் கையோடு பென்ஷனும் கேட்டாக வேண்டும் என்று நினைத்திருக்கிறார். அப்படி இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் இருக்கிறவர் இப்போது நின்றுகொண்டு ஐம்பத்தெட்டில் எழுதலாம். வேலை பார்க்காத வருஷங்கள் கணக்கில் சேராது, ஆனால் முன்கூட்டி வாங்கியதற்கான வெட்டு விழாது. இதை எடுத்துச் சொன்னேன்.

"அதுவரைக்கும் சோத்துக்கு?" என்று நானே கேட்டேன்.

"தோப்புல காய் தரம் பிரிக்கிற வேலை இருக்கு சார். ஆனா பென்ஷன் வாங்காம ரிட்டயர்மென்டுன்னா ஊரு சிரிக்காதா?"

"பந்தில உக்காந்தவன் எவன்மா பென்ஷனப் பத்திக் கேக்கப் போறான்? எலயத்தான் பாப்பான்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வயதையும் சர்வீஸையும் கம்ப்யூட்டர் காட்டிவிடும். இப்போது எதற்கு என்பதை ஆளிடம்தான் கேட்க வேண்டும். கூச்சப்படாமல் கேளுங்கள்.

ராக்கம்மா வேலையை மட்டும் விட்டார், பென்ஷனுக்கு எழுதவில்லை. விசேஷத்துக்குப் போயிருந்தேன். தெருவை அடைத்துப் பந்தல், மைக் செட் அலறியது. மாலையைக்கூடக் கழற்றாமல் ராக்கம்மா சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். உள்ளே போய் உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும், ஏற்கெனவே சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவர்களிடமும்கூட, ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்:

"வாங்க, வாங்க. எங்க வீட்டு விசேஷம்."