கேட் இப்பதான் திறந்தாங்க

அன்று பிற்பகல் மூன்றேகால் மணிக்கு எங்கள் விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்க மேஜையில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பலும்போ. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், காப்பிக் கடை முக்காலியில், கொராதோ. வாடகைக் கார் கவுன்டரில் ஆள் இல்லை. நாற்காலியில் ஒரு குடை மட்டும் கிடந்தது. பெட்டிகள் வரும் பெல்ட்டுக்கு அருகே சக்கர நாற்காலியில், பெல்ஜியத்திலிருந்து வந்து இறங்கியிருந்த கோசிமோ லகோர்த்தே. அவருக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி நுன்சியா. அவள் மட்டும்தான் நின்றுகொண்டிருந்தாள்.

இன்னொருவனும் இருந்தான். அவன் அதுவரை எங்கே உட்கார்ந்திருந்தான் என்று இவர்களில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இது நடந்தது. பலும்போவும் கொராதோவும் இன்றும் அதே இடத்தில்தான் வேலை பார்க்கிறார்கள். சந்தேகம் உள்ளவர்கள் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நள்ளிரவில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

கோடை போய்விட்டால் தெற்கு இத்தாலியில், புல்யா கரையோரத்து எங்கள் நிலையம் காலியாகிவிடும். கொராதோ கோப்பை கழுவுகிற சத்தம் மறுகோடி வரை கேட்கும். நவம்பர் முதல் தேதி மட்டும் விதிவிலக்கு. மறுநாள் கல்லறைத் திருநாள். வடக்கே பிழைக்கப் போனவர்கள் எல்லாம் தங்கள் செத்தவர்களைப் பார்க்க வந்து இறங்குவார்கள். அன்றும் வந்தார்கள், கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், போய்விட்டார்கள். தரையில் செவ்வந்தி இதழ்கள் கிடந்தன. கோசிமோவின் பெட்டி மட்டும் இன்னும் வரவில்லை.

நடக்க முடியாத பயணிகளை விமானத்திலிருந்து இறக்கி வெளியே கொண்டுவருவது நுன்சியாவின் வேலை. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. நீட்டிப்பார்களா என்று தெரியாத நிலைமை. அந்த வேலைக்கு ஒரே ஒரு விதிதான் உண்டு. பயணியை அவருக்கு உரியவர் கையில் ஒப்படைக்காமல் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பெயரைக் கேட்க வேண்டும், சரியாக இருந்தால் விட வேண்டும். கோசிமோவின் மகள் லூச்சியா பெல்ஜியத்திலிருந்து முன்கூட்டியே பேசிச் சொல்லியிருந்தாள். அப்பாவை அழைத்துப்போக வருகிறவர் வீத்தோ லகோர்த்தே. அண்ணன் மகன்.

கோசிமோவுக்கு எழுபத்து நாலு வயது. பெல்ஜியத்தில் வேலை பார்த்த சுரங்கத்துக் கரி நெஞ்சில் ஏறி, மூச்சு விடும்போதெல்லாம் விசில் மாதிரி ஒரு சத்தம். விமானத்தின் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார், யாராவது வந்திருக்கிறார்களா என்று. வந்திருப்பார்கள் என்றாள் நுன்சியா. சாய்தளத்தில் இறங்கும்போது மறுபடியும் கேட்டார். பெல்ட் அருகே வந்ததும் மூன்றாவது முறை.

"யாரும் வரலைன்னா என்னத் திரும்ப அதே விமானத்துல ஏத்தி விட்டுடு பொண்ணே. நான் காத்திருக்க மாட்டேன். ஒரு தடவை காத்திருந்தாச்சு."

"அது இப்போ போலந்துக்குப் போகுது பெரியவரே. போறீங்களா?"

"பெல்ஜியத்த விடவா குளிரப் போகுது?"

சிரித்தார். ஆனால் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. ஐம்பத்து நாலு வருஷத்துக்குப் பிறகு ஊருக்கு வருகிற மனிதர். யாரும் வந்திருக்க மாட்டார்களோ என்பதைத் தவிர வேறு எந்தப் பயமும் அவருக்கு இல்லை என்று நுன்சியாவுக்குப் புரிந்தது.

பெட்டி வந்தது. எடுக்கக் குனிந்தாள். நிமிர்ந்தாள்.

நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான்.

இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலையைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி பழுப்பு நிறக் கோட்டு. கோட்டின் கழுத்து மடிப்பில் ஒரு கறுப்புப் பொத்தான், அதைத் தைத்திருந்த நூல் வெள்ளை. இந்தக் காலத்துப் பையன்களின் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் உறைத்தது. பெல்ட் இருக்கும் இடத்துக்கு வெளியாட்கள் வர முடியாது. அந்தக் கதவு உள்ளேயிருந்து போகிறவர்களுக்கு மட்டும்தான் திறக்கும். திறந்தால் 'ஸ்ஸ்ஸ்...' என்று சத்தம் வரும்.

சத்தம் வரவில்லை.

எப்படி உள்ளே வந்தாய் என்று கேட்டாள்.

"கூட்டிட்டுப் போக வந்தேன். கேட் மூடிக் கெடந்துச்சு. இப்பதான் தொறந்தாங்க."

"பேரு?"

"வீத்தோ லகோர்த்தே."

பெயர் சரி. நுன்சியாவுக்கு மூச்சு வந்தது. வந்துவிட்டார்கள், கிழவரைக் காக்க வைக்கவில்லை. அவன் குனிந்து கோசிமோவின் முகத்தைப் பார்த்தான். அவளிடம்தான் கேட்டான்.

"ரொம்ப நேரம் காத்திருந்தானா?"

காத்திருந்தானா... எழுபத்து நாலு வயதுக்காரரை! இவருக்குக் கோபம் வரப்போகிறது என்று திரும்பிப் பார்த்தாள். கோசிமோ வாயைத் திறந்தபடி அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே," என்றார்.

கிழவர்கள் இளவட்டங்களை இப்படிக் கிண்டல் செய்வதுண்டு. நுன்சியா சிரித்தாள். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

கோசிமோவின் மூச்சில் அந்த விசில் சத்தம் நின்றுபோயிருந்தது. அதை அவள் அப்போது கவனிக்கவில்லை.

அவன் கைப்பிடியை வாங்கிக்கொண்டான். விரல்கள் அவள் விரல்களில் பட்டன. சில்லென்று இல்லை. சுட்டன... ஆகஸ்ட் மாத வெயிலில் நின்றுவிட்டு வந்தவன் கை மாதிரி.

கதவு திறந்தது. ஸ்ஸ்ஸ்...

போய்விட்டார்கள். மணி மூன்று இருபது.

மூன்றே முக்காலுக்கு, நுன்சியா கதவுக்கு வெளியே காப்பிக் கடை அருகே நின்றிருந்தபோது, ஒருவர் ஓடி வந்தார். வழுக்கைத் தலை, வியர்வை, கையில் கார்ச் சாவி.

"மன்னிச்சுக்கங்கம்மா. கம்போவெர்தேல ரயில்வே கேட் மூடிக் கெடந்துச்சு. அரை மணி நேரம். ஒரு ரயிலும் வரல. இப்பதான் தொறந்தாங்க."

நுன்சியா கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு நீங்க?"

"வீத்தோ லகோர்த்தே. எங்க சித்தப்பா எங்கே?"

அவள் சொன்னாள். வீத்தோ லகோர்த்தேயிடம் ஒப்படைத்துவிட்டேன் என்று.

"அந்தப் பேருல நான் ஒருத்தன்தாம்மா உயிரோட இருக்கேன். இன்னொருத்தர் எங்க அப்பா. நான் பொறக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போயிட்டாரு. அதனாலதான் எனக்கு அந்தப் பேர வச்சாங்க."

எங்கள் பக்கத்து வழக்கம் அது. அப்பன் செத்தபின் பிறந்தவனுக்கு அப்பன் பெயர்.

வெளியே ஓடினார்கள். நடைபாதை ஓரத்தில் சக்கர நாற்காலி நின்றிருந்தது. பிரேக் போட்டிருந்தது. ஆள் இல்லை. பெட்டியும் இல்லை.

சக்கரங்களில் கரித்தூள்.

பலும்போ நிமிர்ந்தே பார்க்கவில்லையாம். கொராதோ பார்த்திருந்தான். கிழவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே போனார் என்றான்.

"தள்ளினது யாரு கொராதோ?"

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான்.

"நீதானேம்மா தள்ளிட்டுப் போனே."

...

இருட்டும்போது கண்டுபிடித்தார்கள். கம்போவெர்தே ரயில் நிலையம் மூடிக் கிடந்து பல வருஷம் ஆகிறது. ரயில்கள் நிற்காமல் போய்விடும். அதன் நடைமேடை பெஞ்சில் கோசிமோ உட்கார்ந்திருந்தார். காலடியில் பெட்டி. உயிர் இல்லை. வலியில்லாமல் போயிருக்கிறார் என்றார் டாக்டர்.

பக்கத்துத் தோப்பில் ஆலிவ் பறித்துக்கொண்டிருந்தவர்கள் அவரை உயிரோடு பார்த்திருக்கிறார்கள். கையைத் தூக்கி வணக்கம்கூடச் சொன்னாராம். அப்போது மணி மூன்றரை என்றார்கள். சாப்பிட்டுவிட்டு மறுபடி வேலையைத் தொடங்கிய நேரம்.

விமான நிலையத்திலிருந்து கம்போவெர்தே இருபது கிலோமீட்டர்.

போலீஸ் இரண்டு நாள் கேட்டது. பெல்ட் பக்கத்து மூலையும் வாசல் நடைபாதையும் எந்தக் கேமராவிலும் விழாது. கடைசியில் நுன்சியாவை விட்டுவிட்டார்கள். ஆனால் அவள் தன்னை விடவில்லை. பெயரைக் கேட்டேன், சரியாகத்தான் கேட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெல்ட்டைத் தாண்டிப் போவாள்.

ஒரு வாரம் கழித்து வீத்தோ தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். பிலொமேனா. குச்சி மாதிரி நிமிர்ந்த பெண்மணி. கொராதோ வைத்த காப்பியை அவள் தொடவில்லை. நுன்சியாவை எதிரே உட்காரச் சொன்னாள்.

ஐம்பத்து நாலு வருஷத்துக் கதையை அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். மாமனார், அதாவது கோசிமோவின் அப்பா, இறந்ததற்கு அவர் பெல்ஜியத்திலிருந்து வரவில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றது. பிறகு ஆகஸ்டில் தம்பி வருவதாகத் தந்தி. நீ வந்து இறங்கு, யார் வராவிட்டாலும் நான் வந்து உன்னைக் கூட்டிப்போவேன் என்று அண்ணன் வீத்தோ பதில் அனுப்பினான். கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு மூன்று சக்கர வண்டியில் கிளம்பினான். கம்போவெர்தே ரயில்வே கேட் மூடியிருந்தது. திறந்ததும் முதல் ஆளாகப் பாய்ந்தான். எதிர்த் தண்டவாளத்தில் இன்னொரு ரயில் வந்தது.

கேட் வளைவுக்கு அப்பால் இருந்ததால் அங்கே நடந்தது தெரியாமல், நடைமேடை பெஞ்சில் கோசிமோ இருட்டும் வரை காத்திருந்தார். அண்ணனுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்தார். இரவு ரயிலில் திரும்பிப் போய்விட்டார். சாவுச் செய்தி அவருக்குப் பின்னாலேயே பெல்ஜியம் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அவர் வரவே இல்லை.

பிலொமேனா குரலைத் தாழ்த்தினாள்.

"அவன் கோட்டுல என்ன இருந்துச்சு?"

கறுப்புப் பொத்தான் என்றாள் நுன்சியா.

"நூலு?"

"வெள்ளை."

பிலொமேனா மடியிலிருந்து கைக்குட்டையை எடுத்துப் பிரித்தாள். ஒரு கறுப்புப் பொத்தான். துளைகளில் வெள்ளை நூல், பிய்ந்து தொங்கியது.

"கோசிமோவோட கைக்குள்ள இருந்துச்சு. விரலப் பிரிக்க வேண்டியதாப் போச்சு. மாமனாரு செத்த துக்கத்துக்கு அடையாளமா நான் தச்சது. வீட்டுல கறுப்பு நூல் இல்ல. அந்தக் கோட்டோடதான் அவனப் பொதச்சோம்."

வீத்தோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் பொத்தானை மறுபடி முடிந்தாள். முடிந்துகொண்டே கேட்டாள்.

"என்னப் பத்தி ஏதாவது கேட்டானா?"

நுன்சியா ஆறிப்போன காப்பிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அந்த ஸ்டேஷனுக்கும் என் வீட்டுக்கும் நடந்தா பத்து நிமிஷம்," என்றாள் பிலொமேனா. "அன்னிக்கு ராத்திரி செத்தவங்களுக்குன்னு மேஜையில ரொட்டியும் தண்ணியும் வச்சிருந்தேன். வருஷா வருஷம் வைக்கறேன். வரல."

எழுந்து போய்விட்டாள்.

அதே வாரம் லூச்சியாவிடமிருந்து நுன்சியாவின் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. குற்றம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான். அப்பா கிளம்பும்வரை பயந்துகொண்டே இருந்தார், யாராவது வந்திருந்தார்களா?

'உறவினரிடம் ஒப்படைக்கப்பட்டார்' என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றது அலுவலகம். டிசம்பரை நினைவுபடுத்தவும் செய்தது.

நுன்சியா பெல்ட் அருகே உட்கார்ந்து எழுதினாள்.

'ஆள் வந்திருந்தார். உங்கள் அப்பா காத்திருக்கவில்லை. பெயரைக் கேட்டேன், வீத்தோ லகோர்த்தே என்று சொன்னார். உங்கள் அப்பாவுக்கு அவரை உடனே அடையாளம் தெரிந்தது.'

எந்த வீத்தோ என்று எழுதவில்லை. கவரை ஒட்டினாள். ஸ்டாம்பும் ஒட்டினாள். காப்பிக் கடைக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டாள். அது அடியில் போய் விழுகிற சத்தம் கேட்கும்வரை நின்றாள்.