ஃபிளோரா சொன்ன சாட்சி

படுதாத் துணி வந்து இறங்கினால் ஃபிளோரா முதலில் அதை மோந்துதான் பார்ப்பாள். பிறகு ஒரு மூலையை இரண்டு கட்டைவிரலாலும் இழுப்பாள். "இது மழையில நனைஞ்சு காஞ்ச சரக்கு. என் தலையில கட்டப் பாக்குறியா? திருப்பி ஏத்து," என்பாள் வண்டிக்காரரிடம். வயது ஐம்பத்தாறு. முழங்கால் இரண்டும் வீங்கியவை. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, நெஞ்செரிச்சலுக்குச் சோடா குடிப்பாள். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை. மற்றவர்கள்தான் அவள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

சீர்காழியில் ரயிலடிக்குப் போகும் வழியில் அவளுடைய தகரக் கொட்டகை. ஐந்து தையல் இயந்திரங்கள், ஐந்து பெண்கள். களத்தில் நெல்லை மூடும் படுதா தைத்துக்கொண்டிருந்தவள். ஊர்ப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட, அறுப்புக்கு ஆள் கிடைக்காத வருடங்களில் வயலில் அறுவடை இயந்திரம் இறங்கியது. அதன் பின்பக்கம், வைக்கோல் வந்து விழும் வாயில் ஒரு படுதா தொங்கும். அதைத் தைக்கும் வேலையை இயந்திரக் கம்பெனி அவளுக்குக் கொடுத்தது.

சம்பா அறுப்பில் மழை பிடித்தால் ஈர வைக்கோல் அந்தப் படுதாவில் ஒட்டி வாயை அடைத்துவிடும். இயந்திரம் நின்றுபோகும். ஃபிளோரா வயலுக்கே போய், சேற்றில் நின்று, டிரைவரைத் திட்டிக்கொண்டே அதைப் பார்த்தாள். திரும்பி வந்து, படுதாவைக் கீழிருந்து பட்டை பட்டையாகக் கீறி, ஓரங்களில் பழைய லாரி டியூப்பை வைத்துத் தைத்தாள். வைக்கோல் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

கம்பெனி தனக்குச் சரக்குக் கொடுப்பவர்களையெல்லாம் திருச்சியில் ஓர் ஓட்டலுக்குக் கூப்பிட்டது. "உங்க யோசனைதான் எங்க வளர்ச்சி. எல்லாரும் பகிர்ந்துக்கணும்," என்றார் மேலாளர். பகிர்ந்துகொள்வது என்றால் ஃபிளோராவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: லுத்தரன் சபை மாதர் சங்கத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்வது. ஆண்டவர் செய்த நன்மையில் எதையும் மறைக்கக் கூடாது. மறைக்காமல் சொன்னாள். எந்த டியூப், எந்தப் பசை, எந்த ஊசி, பட்டைக்கு எவ்வளவு அகலம் எல்லாம். முடிவில் "ஆமென்" என்றும் சொல்லிவிட்டாள். சிரித்தார்கள், கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். அடுத்த நாற்காலியில் படுதா தைக்கும் ஓசூர்க்காரர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. "பிரசங்கம் கேக்குறவன் மாதிரி பக்தியா எழுதுனான், நாசமாப் போறவன்," என்கிறாள் இப்போது.

அடுத்த பருவத்தில் அவளுடைய படுதா, கம்பெனியின் வரைபடமாக அவளுக்கே வந்தது. இதே மாதிரி என்ன விலைக்குச் செய்வாய் என்று கேட்டிருந்தார்கள். ஓசூரில் பெரிய இயந்திரத்தில் வெட்டி, விலை குறைத்துக் கொடுத்தார்கள். ஆர்டர் அங்கே போயிற்று. கொட்டகையில் இரண்டு இயந்திரங்களைத் துணி போட்டு மூடியாயிற்று. மற்ற மூன்றுக்கும் நெல் படுதா வேலை தை மாதத்தோடு தீர்ந்துவிடும்.

கம்பெனியில் கொள்முதல் பார்க்கும் பகலவன் போன வாரம் வந்தான். பக்கத்துக் கிராமத்துப் பையன். அவன் அப்பா கூலிக்கு அறுத்த வயல்களில்தான் அவன் கம்பெனி இயந்திரம் ஓடுகிறது. ஃபிளோரா பட்டையாகக் கீறித் தைத்த படுதாவைக் கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் அவனுக்குப் பதவி உயர்வு. கையில் ஓசூரில் தைத்த படுதா, கிழிந்தது.

"வாங்க ஆபீசர். வழி தெரிஞ்சுதா?"

"திட்டுங்கக்கா. திட்டிட்டுச் சொல்லுங்க. பட்டை பிரியுற இடத்துல கிழியுது. உங்களோடது கிழியலையே, ஏன்?"

அவளுக்குத் தெரியும். கீறல் முடிகிற இடத்தில், இரண்டு மடிப்புத் துணிக்கும் நடுவே ஒரு டியூப் துண்டைச் செருகித் தைப்பாள். திருச்சியில் அதை ஒளித்துவைக்கவில்லை. அது வெறும் தையல். அதைப் போய் யோசனை என்று யார் சொல்லுவார்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டாள்.

"மூணு வருஷத்துக்கு ஆர்டர் போட்டுக் குடுங்க. சொல்றேன்."

"செஞ்சு காட்டுனாத்தானேக்கா மேல ஆர்டர் கேக்க முடியும்?"

"காட்டிட்டா அப்புறம் நான் எதுக்கு?"

பகலவன் தரையைப் பார்த்தான். "ஆசை காட்ட மாட்டேங்க்கா. கேட்டுப் பாக்குறேன். அவ்வளவுதான் என்னால ஆவும்."

பொய் சொல்லவில்லை, அதையாவது அவன் பேரில் வரவு வைக்க வேண்டும்.

பேச்சைக் கேட்க மூன்று இயந்திரங்களும் நின்றிருந்தன. "செஞ்சு குடுத்துருங்கக்கா," என்றாள் அதில் ஒன்றில் தைக்கும் மலர்க்கொடி. அந்த வேலையில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறாள். "வந்தா வருது. இல்லன்னா நான் தை முடிஞ்சதும் திருப்பூரு பஸ் ஏறிருவேன். ரோசத்த வச்சு ஒல கொதிக்காது."

"நீ ஒருத்தி, சமயம் பாத்துக் குத்து," என்றாள் ஃபிளோரா.

முக்காலியைத் திருப்பிப் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு படுதாவைத் தைத்தாள். டியூப் துண்டுகள் உள்ளே போய்விட்டன. மேலே தையல் வரிசை மட்டும்தான் தெரிந்தது. பகலவன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் அழுத்தினான். உள்ளே என்ன என்று கேட்காமலே மடித்துப் பைக்குள் வைக்கப் போனான்.

ஃபிளோரா மேசை இழுப்பறையைத் திறந்து, தையல் பிரிக்கும் பிளேடை எடுத்தாள். கூர் தன் பக்கம் இருக்கும்படி பிடித்து, அவனிடம் நீட்டினாள்.