கயிற்றின் மறுமுனை

நம்பாதவர்கள் கர்துபா நகருக்கு வெளியே எழும்பும் புது அரண்மனைக்குப் போய், கிழக்கு மண்டபத்தின் இடது ஓரத் தூணை அண்ணாந்து பாருங்கள். தலைக்கல்லில் துர்ரி என்று பெயர் வெட்டியிருக்கும். கல் தூணில் ஏறிய பிறகு சாரத்தில் நின்று அதை வெட்டியவன் நான், அவன் அண்ணன் ரஷீக். அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை, கனவும் இல்லை. அல்லாஹ் அறிய, நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எங்கள் வேலை ஒற்றை ஆளால் ஆகாது. பளிங்கில் இலைகளைச் செதுக்கி, இலைக்கு இலை நடுவே ஆழத் துளைக்க வேண்டும். கீழேயிருந்து பார்த்தால் குளவிக்கூடு மாதிரி இருக்கும். ஒருவன் துளையூசியைப் பிடிப்பான். அதன் தண்டில் சுற்றிய கயிற்றை இன்னொருவன் இழுப்பான். பிடித்தவன் பெயர்தான் கல்லில் ஏறும். எனக்கு இழுத்தவன் என் தம்பி துர்ரி.

"பேரு உனக்கு, கொப்புளம் எனக்கா அண்ணே?" என்று வம்புக்கு இழுப்பான்.

சாரம் சரிந்து அவன் இடுப்பு நொறுங்கிப்போனது. ஒரு வாரத்துக்கு மேலாகக் குடிசையில் முனகிக்கொண்டு கிடந்தான். இரவெல்லாம் பட்டறையிலேயே வேலை பார்த்துவிட்டு, காலையில் மேற்பார்வைக்காரன் கலஃபின் காலில் விழுந்தேன்.

"அரண்மனை வைத்தியரை அனுப்புங்க எஜமான். செத்துருவான்."

"இன்னைக்குள்ள தலைக்கல்லு தூண்ல ஏறட்டும். அனுப்புறேன்."

"கயிறு இழுக்க ஆளு?"

"அதுக்கும் என் காலையே பிடிப்பியா?"

நண்பகல் லுஹர் தொழுகை முடிந்து எல்லோரும் நிழல் தேடிப் போனார்கள். பட்டறையில் நான் மட்டும். கயிற்றைக் காலில் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஊசி வழுக்கியது. ஓர் இலை உடையப் பார்த்தது. கல் உடைந்தால் வைத்தியர் இல்லை. தம்பி இல்லை. வாய்விட்டு அழுதேன்.

பிறகு கயிற்றைக் காலிலிருந்து அவிழ்த்துக் கல்லுக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டு, ஊசியை மறுபடி வைத்தேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது.

"இழுடா."

கயிறு இழுபட்டது.

சர்ர்... சர்ர்...

கயிறு கல்லைச் சுற்றி அந்தப் பக்கம் போய் மறைந்தது. கல் என் உயரம். யாரோ மனமிரங்கி வந்துவிட்டான் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்க்க நேரமில்லை.

ஆனால்... மூச்சு வாங்கும் சத்தமே இல்லை. அந்த வெயிலிலும் அந்தப் பக்கமிருந்து குளிர் வந்தது.

சர்ர்... சர்ர்... சர்.

இரண்டு நீளம், ஒரு குட்டை. துர்ரியின் இழுப்பு! கட்டைவிரலில் பழைய காயம். அவனுக்கு அப்படித்தான் வரும்.

"துர்ரி? எந்திரிச்சிட்டியாடா?"

சர்ர்... சர்ர்... சர்.

"கொஞ்சம் பொறுத்துக்கடா. இது முடிஞ்சா உனக்கு வைத்தியர் வருவாரு."

கயிறு நின்றது.

பிறகு பேய் வேகத்தில் இழுபட்டது.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டபோது கடைசித் துளை முடிந்தது. கயிறு தளர்ந்தது. சுற்றிப் போய்ப் பார்த்தேன்...

யாருமில்லை.

தரையெல்லாம் பளிங்குத் தூள். அதில் ஒரு காலடி இல்லை.

கயிற்றின் நுனி மட்டும் ஈரம்.

ரத்தம்.

கல் ஏறியது. கலஃப் வைத்தியரை அனுப்பினான். அவருக்கு முன்னால் ஓடினேன். வாசலில் தம்பி மனைவி யும்ன், தலைவிரி கோலமாக.

"இப்பத்தான் வர வழி தெரிஞ்சுதா மச்சான்? விடியறதுக்கு முன்னாலயே போயிட்டாரு. உடனே ஆள் அனுப்பினேனே!"

வேலை நின்றுவிடும் என்று, வந்த ஆளைக் கலஃப் பட்டறை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறான். பாவி.

வைத்தியர் உடம்பைத் தொட்டுப் பார்த்தார். விறைத்துப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்றார்.

உடலைக் குளிப்பாட்ட வந்த முஃபர்ரிஜ் என்னைத் தனியே கூப்பிட்டார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"கையை மட்டும் கழுவ முடியலப்பா. எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் வெள்ளைத் தூள் வந்துக்கிட்டே இருக்கு."

உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார். தோல் உரிந்த கொப்புளங்கள். எல்லாம் புதுசு.

அவன் செத்துப்போனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. அவனுக்கும் சொல்லவில்லை போலிருக்கிறது.