அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்ட பக்கம்

ஆக்லாந்தின் விரி பகுதியில் ஒரு கிடங்குக்குப் பின்புறம், சேறு அப்பிய பூட்ஸோடு நின்று வடிகாலின் வாயை அளந்துகொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது. பல வருடங்களுக்குப் பிறகு கேட்ட குரல்.

"நான்தாம்மா, அண்ணன் பேசுறேன். ஆக்லாந்துக்கே வந்துட்டோம்."

அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. வளைகுடாவில் ஒரு பாலைவன நகரத்தில் நான் பொறியாளராக வேலை பார்த்தபோது அவர் எங்கள் குழுவின் தலைவர். நான் அங்கே தனியாக இருந்தேன். வெள்ளிக்கிழமை என்றால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. எனக்குப் பிடிக்கும் என்று அண்ணி வத்தக்குழம்பு வைப்பார். அந்த ஊரில் எனக்கென்று இருந்தவர்கள் அவர்கள் இருவரும்தான்.

ஆபத்து என்றால் அங்கே எல்லோருக்கும் வெயிலும் புழுதிக்காற்றும்தான். புழுதி கிளம்பினால் ஜன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு உட்கார்ந்திருப்போம். மழையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என்றைக்காவது தூறினால் அலுவலகமே ஜன்னலுக்கு ஓடிப்போய்ப் படம் எடுக்கும்.

ஒருமுறை, சாலைக்கு அடியில் சுரங்கப்பாதை கட்டப்போகும் இடத்தைப் பார்க்கப் போனேன். சுற்றிலும் மொட்டைத் தரை. நடுவில் மட்டும் வளைந்து வளைந்து ஒரு பட்டையாகப் புதர்கள். காலால் மணலைத் தள்ளினால் அடியில் வழவழவென்று கூழாங்கற்கள். தண்ணீர் உருட்டாமல் கல் அப்படி ஆகாது. மலைப்பக்கம் பெய்யும் மழை எப்போதோ அந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிருக்கிறது. அந்தத் தரை வெயிலில் ஓடு மாதிரி இறுகியிருக்கும், தண்ணீரைக் குடிக்காது. பெரிய மழை பெய்தால் வரும் வெள்ளம் முழுவதும் நாங்கள் தோண்டப்போகும் பள்ளத்தில்தான் விழும்.

இதை ஒரு பக்கமாக எழுதி, பெரிய வடிகாலும் பம்புகளும் கட்டாயம் வேண்டும் என்று அறிக்கையில் சேர்த்தேன். அண்ணன் படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாலைவனத்துல மழைத்தண்ணிக்கு யாரும்மா இவ்ளோ பெருசா கட்டுவாங்க?"

"எப்பவாச்சும்தான் பெய்யும்ணா. ஆனா பெஞ்சா மொத்தமா பெய்யும். உள்ள மாட்டுன வண்டி வெளிய வராது."

"சரி, நான் வேலை குடுக்குறவங்ககிட்ட பேசுறேன். நீ அடுத்த வேலையப் பாரு."

அவர் பேசுவார் என்று நம்பி அடுத்த வேலையைப் பார்த்தேன். சுரங்கப்பாதையைத் திறந்த அன்று எல்லோருக்கும் அண்ணன் வீட்டில் விருந்து வைத்தார்.

இரண்டு வருடம் கழித்து மழை வந்தது. நட்டநடுப் பகல். நகரத்தில் பெய்தது கொஞ்சம்தான், மலையில் கொட்டியது. டீ நிறத்தில் வெள்ளம் இறங்கி வந்து சுரங்கப்பாதையைக் கூரைவரை நிரப்பியது. ஒரு டாக்சி ஓட்டுநரால் கதவைத் திறக்க முடியவில்லை. மறுநாள்தான் அவர் உடலை வெளியே எடுத்தார்கள்.

விசாரணைக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று அதிகாரிகள் கேட்டார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பாமல், அந்த இடத்தை ஆய்வு செய்தது நான்தான் என்றும், வெள்ள அபாயம் இருப்பதாக நான் எதுவும் எழுதித் தரவில்லை என்றும் சொன்னார். மேசையில் இருந்த அறிக்கையை எடுத்துப் புரட்டினேன். என் பக்கம் அதில் இல்லை. பக்க எண்களைத் திருத்தி, முன்னால் இருந்த பொருளடக்கத்தையும் திருத்தியிருந்தார்கள்.

அறிக்கையை மூடி மேசையில் வைத்தேன். கார் நிறுத்துமிடத்தில்தான் அவரைப் பிடித்தேன்.

"அந்தப் பக்கத்த நீங்கதான எடுத்தீங்க?"

"அத வெச்சிருந்தா இந்த வேலையே நமக்குக் கெடைச்சிருக்காது. இப்ப என் விசா போச்சுன்னா பசங்க படிப்பு பாதியில நிக்கும். நீ எப்படியும் நியூசிலாந்து போகப்போறவ. உனக்கு என்ன ஆயிடப்போகுது?"

நான் எழுதியதற்குப் பிரதி என் கணினியில் இருந்தது. ஆனாலும் நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. பழி என் பெயரில் நின்றது. ஆக்லாந்துக்கு வந்த பிறகு ஒரு வருடம் யாரும் என்னைப் பொறியாளராக எடுக்கவில்லை. பக்கத்து விவசாய ஊரான புக்கெகோஹியில் வெங்காயம் பொறுக்கி மூட்டை கட்டினேன். அதற்குப் பிறகுதான் இந்த மழைநீர் வடிகால் வேலை.

இப்போது அண்ணன் என் வேலை மாதிரியே ஒரு வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தார்.

"உன் பேரத்தான் ரெஃபரன்ஸா குடுத்திருக்கேன். ஒரு வார்த்தை நல்லதா சொல்லிடும்மா."

"என்கிட்ட கேக்காமலேயா?"

"உன்கிட்ட எதுக்கு கேக்கணும்? நீ நம்ம வீட்டுப் பொண்ணு."

அவர் நடிக்கவில்லை. அவர் மனதில் அப்படி ஒன்று நடந்த தடமே இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அண்ணன் விண்ணப்பித்திருந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். இவரோடு மறுபடி வேலை செய்வீர்களா என்று கேட்டார். மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அந்த வாரமே அண்ணி கூப்பிட்டார்.

"ஒரு வேலதான கேட்டாரு. அதையும் கெடுத்துட்டியே. உன்ன எப்படியெல்லாம் பாத்துக்கிட்டேன்!"

"அண்ணி, அந்த அறிக்கையில அவர் என்ன பண்ணார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? வீட்டுல உக்காந்துதான் மாத்துனாரு. வேண்டாம்னு சொன்னேன், கேக்கல" என்றார்.

அப்படியானால் அத்தனை வருடமும், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், தெரிந்துகொண்டேதான் எனக்குப் பரிமாறியிருக்கிறார். அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. போனை வைத்துவிட்டேன். அண்ணன் மேல் எனக்கு இருந்தது கோபம்தான். அண்ணியை நினைத்துத்தான் அன்று அழுதேன்.

அந்த வேலை வேறு ஒருவருக்குப் போனது. அண்ணன் ஏதோ கிடங்கில் மேற்பார்வையாளராகச் சேர்ந்துவிட்டதாகக் கோயிலில் யாரோ சொன்னார்கள். எனக்குத் திருப்தி எதுவும் வரவில்லை. எனக்கு அண்ணன் செய்ததை நினைத்து நினைத்துக் குமைந்த இத்தனை வருடத்தில், அந்த டாக்சி ஓட்டுநரின் பெயரை நான் ஒருமுறைகூட விசாரித்ததில்லை. அவர் வீட்டாரிடம் மழைதான் காரணம் என்று சொல்லியிருப்பார்கள். அன்று உண்மை தெரிந்திருந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேருமே வாயைத் திறக்கவில்லை.

போன வாரம், இன்னும் அந்த நகரத்தில் இருக்கும் ஒரு பழைய தோழிக்கு எழுதி, அந்த ஓட்டுநர் எந்த ஊர்க்காரர், குடும்பம் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னேன். பதில் இன்னும் வரவில்லை.