பெயர்ப்பலகையில் அவள் பெயர்

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த வாரத்தில், காஜா பேராங்கிலுள்ள எங்கள் வீட்டு வாசலில் என் பெயரோடு மனைவி கமலத்தின் பெயரையும் எழுதிப் பலகை மாட்டினேன். மாட்டிய பதினோராம் நாள், வியாழன் இரவு எட்டு மணிக்கு நான் வேலையிலிருந்து திரும்பியிருக்கவில்லை. யாரோ கதவைத் தட்டி, "அக்கா, உங்க வீட்டுக்காரரு சைக்கிள்லேருந்து விழுந்துட்டாரு. 'கமலத்தைக் கூட்டிட்டு வா'ன்னாரு, திறங்க!" என்றானாம்.

தாழ்ப்பாளில் கைவைத்தவள் நின்றுவிட்டாள். ஒன்பது ஆண்டுகளில் நான் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அழைப்பது வேறு சொல். அதை இங்கே எழுதுவதாக இல்லை.

"அவரு அப்படிக் கூப்பிட மாட்டாரே!" என்று உரக்கச் சொல்லி, பக்கத்து வீட்டாரைக் கூவி அழைத்தாள். வந்தவன் ஓடிவிட்டான்.

அன்றிரவே பலகையைக் கழற்றினேன். இப்போதெல்லாம் வாசலில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னால்தான் கதவு திறக்கும். தாழிட்ட பிறகு, உள்ளே மெதுவாகக் "கமலம்" என்கிறேன்.