நான்கு வீட்டு எருமை

மியன் தன் ஐம்பத்து நான்கு வயதுக்குள் எருமையில் ஒரு கால் பங்கை இரண்டு முறை பெற்றவள். முழு எருமை ஒருமுறையும் அவளுக்கு வாய்த்ததில்லை.

முதல் கால் 1955-இல் வந்தது. நிலச் சீர்திருத்தக் குழுவினர் நிலக்கிழாரின் எருமைகளைப் பிரித்துக் கொடுத்தபோது நான்கு ஏழைக் குடும்பங்களுக்கு ஓர் எருமை என்று விகிதம். மியனின் அப்பாவுக்குப் பின்னங்கால் என்று சொல்லி ஊரே சிரித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் காலும் மற்ற மூன்று கால்களோடு கூட்டுப்பண்ணைக்குப் போனது. நிலமும் கலப்பையும் கூடவே போயின. 1968-இல் அவள் கணவன் தெற்கே போரில் இறந்தான். ஒரே மகள் மணமாகி ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாள்.

1977 முதல் பதினோரு ஆண்டுகள் கூட்டுப்பண்ணையின் நான்காம் வேலைக்குழுவின் கொட்டில் மியனின் பொறுப்பு. ஒன்பது எருமைகள். பண்ணையில் கூலி புள்ளிக்கணக்கில்; ஒரு நாள் அளவு உழவுக்குப் பத்துப் புள்ளி. கொட்டில் பார்ப்பவளுக்கு ஆறு. உழுகிறவனுக்கு உழுத பரப்புக்குத்தான் புள்ளி, எருமையின் உடம்புக்கு இல்லை. ஆகவே பொழுது சாயும்போது அவை வாயில் நுரையோடு வந்து சேரும். 1980 குளிர்காலத்தில் மூன்று செத்தன. அறுபத்திரண்டு வீடுகளுக்கும் இறைச்சி பங்கிடப்பட்டது. தெருவெல்லாம் தாளித்த மணம். பொது அப்பன் செத்தால் அழ ஆளில்லை என்பது அந்த ஊர்ப் பழமொழி. அன்றைக்கு அழுதவள் மியன் ஒருத்திதான்.

1988 ஏப்ரலில் மேலிடத்துத் தீர்மானம் வந்தது. இனி நிலம் வீட்டுக்கு வீடு, விளைவது விளைவிப்பவனுக்கு. நவம்பர் 20 அன்று எருமைகளையும் பிரித்தார்கள். ஓலைத் தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்து அதற்குள் சீட்டுப் போட்டார்கள். சாய்கொம்பி என்ற சினை எருமை நான்கு வீட்டுக்கு விழுந்தது. மியன் ஒருத்தி. இரண்டாமவர் தாக், வேலைக்குழுவின் தலைவராக இருபத்தேழு ஆண்டுகள் விடியற்காலையில் தண்டவாளத் துண்டைத் தட்டி ஊரை வயலுக்கு அழைத்தவர். மூன்றாமவன் ஞாம், ஐந்து பிள்ளைக்காரன். நான்காவது லாய், இருபத்தாறு வயது, கணவன் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போயிருந்தான்.

"அக்கா, உங்க கால் எதுன்னு இப்பவே பாத்து வெச்சுக்கங்க. ஈ ஓட்டுறப்ப அதுக்கு மட்டும் ஓட்டுனா போதும்" என்றான் ஞாம்.

"உன் காலுதான் சாணிய மிதிச்சுக்கிட்டு நிக்குது. கழுவி விட்டுட்டு அப்புறம் பேசு."

தாக் சிரிக்கவில்லை. பள்ளிக்கூட நோட்டில் ஒரு தாளைக் கிழித்து ஒப்பந்தம் எழுதினார். எருமை மியனின் கொட்டிலில் நிற்கும். உழவுக் காலத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்வது. உழுகிறவர் அன்றைய தீனியைப் போடுவது. ஆண்டு முழுவதும் பராமரிக்கும் கூலியாக, பிறக்கப்போகும் கன்று மியனுக்கு. நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்றிலிருந்து மியனின் மனம் அந்தக் கன்றிலேயே இருந்தது. பங்காளி இல்லாத உயிர். புல்லறுக்கப் போகும்போதும் அதை நினைத்தாள், அடுப்பு ஊதும்போதும் நினைத்தாள். சாய்கொம்பியின் வயிற்றில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே ஒரு குளம்பு முட்டுவது தெரியும். மார்ச் கடைசியில் ஈனும் என்று நாள் குறித்து வைத்திருந்தாள்.

உழவுக்கு மதகு திறந்தது ஜனவரி 9 அன்று. பதினாறாம் தேதி மாலை மூடிவிடுவார்கள். எட்டு நாள், நான்கு வீடு, ஆளுக்கு இரண்டு நாள். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் எருமை வேண்டும். முதல் நாள் தாக் உழுதார், இரண்டாம் நாள் ஞாம், மூன்றாம் நாள் லாய். மூன்றாம் நாள் வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. தூறலும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் எருமை வந்தபோது நுகத்தடி அழுந்திய இடம் உரிந்திருந்தது. தீனித் தொட்டியில் இருந்தது ஒரு கைப்பிடி வைக்கோல். உழுத மூவருமே, மற்றவர் யாராவது வயிறு நிறையப் போட்டிருப்பார் என்று நினைத்திருந்தார்கள்.

மியன் தாக்கின் வீட்டுக்குப் போனாள். அவர் அடுப்படியில் குளிர் காய்ந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, அது சினையா இருக்கு. இப்படியே இழுத்தா தாங்காது."

"எனக்கு மட்டும் ஆசையா, தங்கச்சி? என் வயல்ல பாதி இன்னும் கரம்பாக் கெடக்கு. பதினாறாம் தேதி மதக மூடிருவான். அப்புறம் தண்ணிய உங்கப்பனா கொண்டுவருவான்?"

"பண்ணை இருந்தப்ப ஆளில்லாத வீட்டுக்கு மொதல்ல உழுது கொடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில கத்துனது நீங்கதான?"

"கத்துனேன். யாராவது உழுதாங்களா? இருபத்தேழு வருஷம் இரும்பத் தட்டுனேன். தட்டி முடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் ஆளு வரும். இப்ப யாரும் தட்டல, கோழி கூவுறதுக்கு முன்னாடி எல்லாரும் வயல்ல நிக்குறாங்க. எது சரின்னு நீயே சொல்லு."

மியன் அடுப்புக்கு அருகே உட்கார்ந்தாள். சொல்ல வந்ததைச் சொன்னாள்.

"எனக்கு நாளைக்கு முறை. கடைசி நாளும் என் முறை. ரெண்டையும் விட்டுடறேன். என் வயல நான் மண்வெட்டியில கொத்திக்கிறேன். அது ரெண்டு நாள் படுத்துக் கெடக்கட்டும்."

தாக் நிமிர்ந்து பார்த்தார். "மூணு வயலு, ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல இருக்கும். இடுப்பு ஒடிஞ்சிரும்."

"ஒடிஞ்சா என் இடுப்புதான?"

"சரி. மத்தவங்ககிட்ட நான் சொல்லிடறேன், நீ முறைய விட்டுட்டேன்னு."

ஜனவரி 12 அன்று இருட்டோடு எழுந்து, அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டு எருமைக்கு ஊற்றினாள். இரண்டு சாக்குகளைச் சேர்த்துத் தைத்து அதன் முதுகில் போர்த்தினாள். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அணைக்கரைக்கு அப்பால், ஊரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்த தன் வயலுக்குப் போனாள். முழங்கால் ஆழச் சேறு. முதலில் குளிர் சுட்டது, பிறகு மரத்துப்போனது. இருட்டும்வரை கொத்தினாள். எருமை படுத்திருக்கிறது என்ற நினைப்பு அவளுக்குச் சூடாக இருந்தது.

திரும்பி வந்து கொட்டிலில் எருமையின் மேல் கை வைத்தபோது சாக்கு நனைந்திருந்தது. எருமையின் உடம்பும் நனைந்திருந்தது. தோல் துடித்துக்கொண்டிருந்தது. சேறு தெரியக்கூடாது என்று யாரோ குளத்தில் இறக்கிக் கழுவியிருக்கிறார்கள், அந்தக் குளிரில்.

அவள் நனைந்த சாக்கை உருவி எடுத்தாள். பக்கத்து வீட்டு லாயின் வாசலில் போய் நின்றாள். லாய் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"சித்தி, நான் காலையில ரெண்டே மணி நேரம்தான் ஓட்டுனேன். உங்க முறைய விட்டுட்டீங்கன்னு தாக் மாமா சொன்னாரு. விட்ட முறை பொதுவுக்குத்தான வரும்? பண்ணையில அப்படித்தான இருந்துச்சு?"

"யாரு கழுவுனது?"

"ஞாம் அண்ணன் மத்தியானம் என்கிட்ட இருந்து வாங்கிட்டுப் போனாரு. நீங்க பாத்தா வருத்தப்படுவீங்கன்னு..." லாயின் குரல் இறங்கியது. "என் வீட்டுக்காரரும் இங்க இல்ல, மாடும் இல்லன்னா நான் என்ன பண்ணுவேன், சித்தி?"

 மியன் கொட்டிலுக்குத் திரும்பி, வைக்கோலைக் கொளுத்தி மூட்டம் போட்டு, விடியும்வரை எருமையின் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்றாம் தேதி தாக்கின் முறை. நுகத்தடியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் கொட்டிலுக்குள் பார்த்துவிட்டு அதைத் தரையில் வைத்தார். ஓடிப்போய் இஞ்சியும் நெல் சாராயமும் கொண்டுவந்தார். இருவரும் முதுகில் தேய்த்தார்கள். ஞாமும் வந்தான், வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. காலை ஏழரை மணிக்குக் கன்று விழுந்தது. கிடேரி. இன்னும் பத்து வாரம் உள்ளே இருந்திருக்க வேண்டியது. மூச்சில்லை. மறுநாள் மதியம் சாய்கொம்பியும் தலையைச் சாய்த்தது.

இறைச்சி நான்கு பங்கானது. லாய் தன் பங்கை வாழை இலையில் வைத்தபடியே நின்றாள், எடுத்துப் போகவில்லை. ஞாம் ஐந்து பிள்ளைகளை எண்ணி எடுத்துக்கொண்டான். எடுக்கும்போது யாரையும் பார்க்கவில்லை.

தாக், கன்றைச் சாக்கில் சுற்றி மியனின் முன் கொண்டுவந்து வைத்தார்.

"இது பேசுனபடி உனக்குத்தான், தங்கச்சி. இதுல யாருக்கும் பங்கு கெடயாது."

அவர் ஏளனமாகச் சொல்லவில்லை. எழுதிய தாளுக்கு உண்மையாக இருக்க அவருக்கு அப்போது அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. மியன் சாக்கைக் கூடையில் வைத்துத் தலையில் ஏற்றினாள். தன் வயலின் மேட்டு மூலையில் குழி வெட்டினாள். தாக் பின்னாலேயே வந்திருந்தார். அவள் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கப் பார்த்தார். அவள் கொடுக்கவில்லை.

மண்ணை மூடி மிதித்தபின் சொன்னாள்: "தப்பு என்னோடது, அண்ணே. நான் முறைய விட்டிருக்கக் கூடாது. என் நாளு என்னோடதுன்னு கயித்தக் கையில புடிச்சுக்கிட்டு சும்மா வரப்புல நின்னிருக்கணும். யாரும் தொட்டிருக்க மாட்டாங்க."

தாக் குனிந்து, ஓரத்தில் சிதறிக் கிடந்த மண்ணையும் அள்ளிப் போட்டார். "நின்னிருந்தா, வேலை வாங்காம மாட்டப் புடிச்சு வெச்சிருக்கா பாருன்னு ஊரக் கூட்டித் திட்டுன மொத ஆளு நானாத்தான் இருந்திருப்பேன்" என்றார்.

தூறல் வலுத்தது. மதகு மூட இன்னும் இரண்டு நாள் இருந்தது. அவருடைய வயலில் பாதி கரம்பாகவே கிடந்தது. மியன் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி, பன்னிரண்டாம் தேதி விட்ட இடத்திலிருந்து கொத்தத் தொடங்கினாள். தாக் தன் வீட்டு மண்வெட்டியை எடுத்துவரக் கரையேறிப் போனார்.